பாறை ஏறுவோர் வாங்கிய பள்ளத்தாக்கு

செங்குத்தான பாறையில் ஒருவர் விரல் நுனிகளால் பற்றிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி ஏறும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘எவ்வளவு துணிச்சல்!’ என்று வியந்திருப்பீர்கள். ஆனால் வேறு சில கேள்விகளும் உண்டு. அந்தப் பாறை யாருக்குச் சொந்தம்? அதில் ஏற யார் அனுமதி தந்தார்கள்? கயிற்றைத் தாங்கும் இரும்பு ஆணியை யார் அடித்தார்கள்? அது துருப்பிடித்தால் யார் மாற்றுவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துக்குச் செல்வோம்.

கெண்டக்கியின் கிழக்குப் பகுதியில் ரெட் ரிவர் என்ற சிறிய ஆறு ஓடுகிறது. அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளும் குன்றுகளும் ரெட் ரிவர் கார்ஜ் எனப்படுகின்றன. இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட இயற்கைக் கல் வளைவுகள் உள்ளன. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பழங்கால ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலே இறுகி இங்கு மணற்பாறையாயிற்று. பாறைக்குள் ஊறிய நீர் இரும்பு ஆக்சைடை ஆங்காங்கே படியவிட்டது. அது படிந்த இடம் கெட்டியாயிற்று. படியாத இடம் அரித்துப் போயிற்று. அதனால் பாறையின் முகம் தேன்கூடு போல் குழிகளும் விளிம்புகளுமாகக் காட்சி தருகிறது. ஏறுபவரின் விரல்களுக்கு இவையே பிடிமானம். உலகின் பல நாடுகளிலிருந்தும் ஏறுவோர் இங்கு வருவதற்கு இதுவே காரணம்.

நிலம் யாருடையது?

இப்பகுதியில் ஒரு பங்கு டேனியல் பூன் தேசியக் காட்டைச் சேர்ந்தது. அங்கே புதிதாக ஆணி அடிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். மற்றொரு பங்கு தனியார் நிலம். தனியார் நிலத்தில் ஏறுவது உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தது. இன்று ‘ஏறுங்கள்’ என்பவர் நாளை வேலி போடலாம். நிலத்தை விற்றும் விடலாம். அப்போது ஏறுவோர் என்ன செய்வது?

இந்த நிலையில்தான் 1996ஆம் ஆண்டில் உள்ளூர் ஏறுவோர் கூடி ‘ரெட் ரிவர் கார்ஜ் கிளைம்பர்ஸ் கோயலிஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வனத்துறையுடனும் நில உரிமையாளர்களுடனும் பேசுவது, ஒற்றையடிப் பாதைகளைச் செப்பனிடுவது, குப்பை அகற்றுவது ஆகியவை அதன் பணிகள். 2004இல் இச்சங்கம் துணிந்து ஒரு காரியம் செய்தது. ஏறத்தாழ 750 ஏக்கர் நிலத்தை விலைக்கே வாங்கிவிட்டது! ‘பெண்டர்கிராஸ்-மரே காப்பகம்’ என்று அதற்குப் பெயர். 2013இல் மில்லர் ஃபோர்க் பகுதியில் ஏறத்தாழ 300 ஏக்கரும், 2017இல் பால்ட் ராக் ஃபோர்க் பகுதியில் ஏறத்தாழ 100 ஏக்கரும் சேர்ந்தன. ஆண்டுதோறும் அக்டோபரில் விழா நடத்தியும், நன்கொடை திரட்டியும், கடன் பெற்றும் இதற்கான பணத்தைச் சேர்த்தார்கள். 1991இல் அமைந்த ‘ஆக்செஸ் ஃபண்டு’ என்ற நாடு தழுவிய அமைப்பு இத்தகைய உள்ளூர்ச் சங்கங்களுக்குத் துணை நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதலில் வாங்கிய நிலத்தின் மேற்பரப்பு சங்கத்துக்குச் சொந்தம். அடியிலுள்ள எண்ணெயை எடுக்கும் உரிமையோ வேறொருவருக்கு! அமெரிக்கச் சட்டப்படி மேல் நிலத்தையும் கீழ்க் கனிமத்தையும் தனித்தனியே விற்கலாம். ஆகவே ஒருபுறம் எண்ணெய் இறைக்கும் பொறிகள், மறுபுறம் பாறை ஏறும் இளைஞர்கள். ஒரே மண்சாலையை இருவரும் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஒருவரையொருவர் அனுசரித்துப் போகாமல் காரியம் நடக்காது.

ஆணி தாங்கும் விசை எவ்வளவு?

இனி இயற்பியலுக்கு வருவோம். பாறையில் துளையிட்டுப் பொருத்தும் ஆணிக்கு ‘போல்ட்’ என்று பெயர். ஏறுபவர் ஒவ்வொரு போல்டிலும் ஒரு கொக்கியை மாட்டி, அதில் தம் கயிற்றை நுழைத்தபடி மேலே செல்கிறார். கயிற்றின் மறுமுனையைக் கீழே நிற்கும் தோழர் பிடித்திருக்கிறார்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் கடைசி போல்டுக்கு 2 மீட்டர் மேலே இருக்கும்போது கை நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் போல்டைக் கடந்து அதற்குக் கீழே 2 மீட்டர் வரை விழுவார். ஆக மொத்தம் 4 மீட்டர். அதன் பிறகே கயிறு இறுகத் தொடங்கும். அவருடைய எடை ஏறத்தாழ 600 நியூட்டன்.

கயிறு நீளவே நீளாத எஃகுக் கம்பி போன்றது என்று முதலில் கொள்வோம். அது அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்துகிறது. இழந்த நிலையாற்றல் 600 × 4.1 = 2,460 ஜூல். இதை நிறுத்தும் தொலைவான 0.1 மீட்டரால் வகுத்தால் சராசரி விசை 24,600 நியூட்டன்! அதாவது அவருடைய எடையைப் போல் 41 மடங்கு. உடல் தாங்குமா?

இப்போது கயிறு நீண்டு கொடுத்து, 1.5 மீட்டரில் அவரை நிறுத்துவதாகக் கொள்வோம். ஆற்றல் 600 × 5.5 = 3,300 ஜூல். ஆற்றல் கூடிவிட்டது, ஆனால் சராசரி விசை 2,200 நியூட்டன்தான்! கயிறு சுருள்வில்லைப் போல் இயங்குவதால் உச்ச விசை இதில் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 4,400 நியூட்டன். நீளம் தாண்டுபவருக்கு மணல் குழி வெட்டிவைப்பதும் இதே தத்துவத்தால்தான்.

போல்டின் பாடு இன்னும் கடினம். கயிறு கொக்கியில் கப்பியைப் போல் வளைவதால், இருபுற இழுப்பும் அதன் மேல் விழுகிறது. உராய்வே இல்லையென்றால் விசை இரட்டிக்கும். உராய்வு இருப்பதால் சற்றுக் குறைந்து ஏறத்தாழ 7,000 நியூட்டன் ஆகும். ஐரோப்பியத் தர விதியோ பாறையின் முகத்துக்கு இணையான திசையில் போல்ட் 25,000 நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. தேவையைவிட மூன்று மடங்குக்கு மேல்! ஏன் இவ்வளவு? போல்ட் துருப்பிடிக்கும், மணற்பாறை மென்மையானது, துருவோ துளைக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பழைய போல்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு போல்டுகளைப் பொருத்துவது இத்தகைய சங்கங்களின் முக்கியப் பணியாக இருக்கிறது. பாலத்தைச் சோதிக்கப் பொறியாளர் வருவார். பாறையைச் சோதிக்கத் தொண்டர்கள்தான் வரவேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லிய தையல் நூலில் அரை மீட்டர் எடுத்து, ஒரு முனையைச் சுவர் ஆணியிலும் மறுமுனையைச் சிறு பூட்டிலும் கட்டுங்கள். பூட்டு அமைதியாகத் தொங்கும். தரையில் ஒரு தலையணையை வைத்துவிட்டு, பூட்டை ஆணி உயரத்துக்குத் தூக்கி விடுங்கள். நூல் பெரும்பாலும் அறுந்துவிடும். அடுத்து நாலைந்து ரப்பர் வளையங்களைக் கோத்து நூலுக்கும் பூட்டுக்கும் நடுவே கட்டி மறுபடியும் விடுங்கள். என்ன நடக்கிறது? ஏன்?

காலடியில் ஒரு செடி

பாறைக்குக் கீழேயும் ஒரு கதை இருக்கிறது. மேலே பாறை துருத்தி நிற்பதால் அடியில் மழை படாத தாழ்வாரங்கள் உண்டாகியிருக்கின்றன. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் இங்கே தங்கினார்கள். அவர்கள் பயிரிட்ட சூரியகாந்தி முதலியவற்றின் விதைகள் உலர்ந்த மண்ணில் கெடாமல் கிடைத்து, அப்பகுதியில் வேளாண்மை தோன்றிய வரலாற்றை விளக்கின. 1812ஆம் ஆண்டுப் போரின்போது இதே மண்ணிலிருந்து வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு எடுத்தார்கள்.

இத்தாழ்வாரங்களில் ‘ஒயிட்-ஹேர்டு கோல்டன்ராட்’ என்ற மஞ்சள் பூச்செடி வளர்கிறது. தண்டும் இலையும் வெண்ரோமம் போர்த்தது போலிருக்கும். உலகில் வேறெங்கும் இது இல்லை; கெண்டக்கியின் மூன்று மாவட்டங்களில் மட்டுமே உண்டு. கூடாரம் போடுவோர், நடைப்பயணிகள், பாறை ஏறுவோர் ஆகியோரின் காலடியில் மிதிபட்டு இது அழியும் நிலைக்கு வந்தது. 1988இல் அரசு இதை ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பிறகு வேலி அமைத்தார்கள், பாதைகளை மாற்றினார்கள், ‘இங்கே மிதிக்காதீர்கள்’ என்று பலகை வைத்தார்கள். செடி பிழைத்தது! 2016இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பாறை ஏறுவோர் இங்கே இரண்டு பக்கத்திலும் நிற்பதைக் கவனித்தீர்களா? செடியை மிதித்த கால்களில் அவர்களுடையவையும் உண்டு. பாதையைச் செப்பனிடும் கைகளிலும் அவர்களுடையவை உண்டு. ‘எங்களை ஏற விடுங்கள்’ என்று கேட்பதோடு நின்றிருந்தால் ஒருநாள் வேலிதான் மிஞ்சியிருக்கும். நிலத்தின் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டதால்தான் கயிறும் செடியும் ஒரே பாறையடியில் இருக்க முடிகிறது.