கலனுக்கும் வயிறு உண்டு

பலா காலத்தில் பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் ஊர் தெரியும். சாலையோரம் குவித்து வைத்த பழங்களின் மணம் ஜன்னல் வழியே ஏறிவிடும். சுளை விற்றுத் தீர்ந்தபின் மிஞ்சுவது தோலும் சக்கையும். ஒரு பழத்தின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். முதல் நாள் இனிப்பு வாடை, மறுநாள் புளிப்பு, மூன்றாம் நாள் ஈ. குவியலில் நாலைந்து மாடுகள் முகம் புதைத்து நிற்கும். வளர்த்தவர் பார்த்துவிட்டால் ஓடிவந்து விரட்டுவார்.

அவர் விரட்டுவதில் பெரிய பாடம் இருக்கிறது. பழுத்த பலாவையோ கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையோ மாடு ஒரேயடியாகத் தின்றால் வயிறு புளித்து உப்பிவிடும். சில வேளை மாடு செத்தும் போகும். மாட்டின் வயிற்றுக்குள் தீனியைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிரிகள். சாண எரிவாயுக் கலனுக்குள் வேலை செய்பவையும் அவற்றின் சொந்தக்காரர்களே. அதனால்தான் கலனை எப்போதும் சாணக் கரைசல் ஊற்றித் தொடங்குகிறார்கள். காற்றுப் புகாத தொட்டிக்குள் ஒரு கூட்டம் கழிவைச் சிதைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக மாற்றும். முதல் கூட்டம் வேகமானது, இரண்டாவது நிதானமானது. சோறும் பழமும் அளவு மீறி விழுந்தால் அமிலம் தேங்கும், மீத்தேன் கூட்டம் முடங்கும். வாயு வரும், ஆனால் அடுப்பு பற்றாது. கலன் வாங்கிய மூன்றாம் மாதமே ‘புளிச்சுப் போச்சு’ என்று மூடி வைத்தவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குத் தனி அர்த்தம் உண்டு. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து இந்த ஊரில் எரிபொருள் என்றால் மண்ணுக்கு அடியில் இருப்பது. ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிப்போட வேண்டும். அந்த மேல்மண் யாரோ ஒருவரின் வயல். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விட்ட நெல்லுக்குள் சுரங்க நிறுவனத்தின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை இந்தப் பகுதி மறந்திருக்காது. அதே நிலப்பரப்பின் மேலேயே முந்திரிப் பழமும் பலாச் சக்கையும் சந்தைக் காய்கறியும் கேன்டீன் சோறும் அழுகிக் கொண்டிருக்கின்றன.

கணக்கு எளிமையானது. ஒரு கன மீட்டர் உயிரி எரிவாயுவின் எரிசக்தி, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 450 கிராம். நாலைந்து மாடு வைத்திருக்கும் வீட்டில் தினம் 50 கிலோ சாணம் கிடைத்தால், அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றி இரண்டு கன மீட்டர் வாயு எடுக்கலாம். ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு அது தாராளம். ஆனால் அனல்மின் நிலையத்துக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாளுக்கு பத்து டன் உணவுக்கழிவிலிருந்து கிடைப்பதெல்லாம் ஒரு பெரிய சமையற்கூடத்தின் எரிபொருள்தான். அந்த அளவே போதும். குப்பைமேட்டில் அழுகினால் அதே மீத்தேன் காற்றில் கலந்து, நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு புவியைச் சூடாக்கும்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு கவனம் தேவை. முந்திரிக்கொட்டை உடைக்கும் வீடுகளில் பெண்கள் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அதே எண்ணெயில் உள்ள அமிலம் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளையும் கொல்லும். மாடுகள் ஏப்பத்தில் விடும் மீத்தேனைக் குறைக்க இந்த எண்ணெயைத் தீவனத்தில் கலக்கும் ஆராய்ச்சிகளே நடந்திருக்கின்றன. எனவே முந்திரி ஓடு கலனுக்குள் போகக்கூடாது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் முந்திரிப் பழம் போகலாம். அதுவும் புளிப்பும் துவர்ப்பும் உள்ளது என்பதால் சாணத்தோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக. பலாத் தோலைப் பொடியாக வெட்டிப் போட வேண்டும். எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, பினாயில் கலந்த கழுவுநீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புளித்துப் போனால் சில நாள் தீனியை நிறுத்தி, புதுச் சாணக் கரைசல் ஊற்றினாலே பல கலன்கள் மீண்டுவிடும்.

பெரிய அளவிலும் கதை இதேதான். சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளின் மரவள்ளிக் கழிவுநீர் ஒரு காலத்தில் ஓடையையும் கிணற்றையும் நாறடித்தது. இன்று பல ஆலைகள் கழிவுநீர்க் குட்டையை மூடி, வாயுவைப் பிடித்து, தங்கள் இயந்திரத்தையே ஓட்டுகின்றன. அங்கே தீனி ஒன்றே, தினமும் ஒரே மாதிரி, வாயு தேவைப்படுபவரும் அதே வளாகத்தில். நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கோழி எருவிலிருந்தும், கரும்பு ஆலையில் சாறு வடிகட்டும்போது தங்கும் ‘பிரஸ் மட்’டிலிருந்தும் வாகன எரிவாயு தயாராகிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ திட்டத்தின் கீழ் எண்ணெய் நிறுவனங்கள் இப்படிப்பட்ட வாயுவை வாங்கிக்கொள்கின்றன. நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் சர்க்கரை ஆலை இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

கோயம்பேடு இன்னொரு பக்கம். நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவில் மின்சாரம் எடுக்க, சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2005 வாக்கில் அங்கே ஆலை அமைத்தது. ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்றின் வாசலிலேயே இருந்தும் அது நிலைக்காமல் முடங்கியது. கழிவு ஏராளமாக இருப்பது வேறு, பிரித்த கழிவு தினமும் வந்துசேருவது வேறு. பிளாஸ்டிக் பையும் சணல் கயிறும் கலந்த குவியலை எந்த வயிறும் செரிக்காது.

பிரித்துக் கொடுப்பது யார் பொறுப்பு? 2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைச் சொல்லிவிட்டன. நாளுக்கு சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் விடுதி, மண்டபம், மருத்துவமனை, கேன்டீன் போன்றவற்றை அவை ‘பெருமளவு கழிவு உருவாக்குவோர்’ என்று வகைப்படுத்தின. மக்கும் கழிவை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ வாயுவாகவோ மாற்றுவதை அவர்கள் கடமை ஆக்கின. இந்த விதிகள் நகராட்சிகளுக்கு மட்டுமல்ல, அறிவிக்கப்பட்ட தொழில் நகரியங்களுக்கும் பொருந்தும் என்று தனியாகவே குறிப்பிடப்பட்டிருந்தது. நெய்வேலி போல நிறுவனமே நிர்வகிக்கும் ஊரில் குடியிருப்பவர்கள் ‘இங்கே முனிசிபாலிட்டி இல்லையே, யாரைக் கேட்பது’ என்று திகைக்க வேண்டியதில்லை. தங்கள் பிளாக்கின் ஈரக்கழிவு எங்கே போகிறது, எவ்வளவு, யார் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பொதுத்துறை நிறுவனமும் அச்சட்டத்துக்கு உட்பட்டது. கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

வீட்டுக்கு அல்லது பண்ணைக்குக் கலன் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பேச்சில்தான். ‘எதை வேண்டுமானாலும் போடுங்க சார், சிலிண்டரே வேண்டாம்’ என்று விற்றுவிட்டுப் போனவர் பிறகு போன் எடுப்பதில்லை. நாளுக்கு எத்தனை கிலோ தீனி, அதற்கு எத்தனை கன மீட்டர் வாயு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கோளாறு வந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதைப் பில்லோடு எழுதி வாங்க வேண்டும். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் 1 முதல் 25 கன மீட்டர் வரையான கலன்களுக்கு, அளவைப் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய் வரை மானியம் நிர்ணயித்தார்கள். மானியத் தொகையும் நிபந்தனையும் திட்டக்காலத்துக்கு ஏற்ப மாறும்; முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது. ‘மானியம் நான் வாங்கித் தருகிறேன்’ என்று கையெழுத்திட்ட வெற்றுத்தாள் கேட்பவரிடம் வாங்கவே கூடாது.

விற்றவர் சொன்னபடி நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஆலை வருகிறதென்றால் கேள்விகள் வேறு. மூடாத லாரி, திறந்த குட்டை, நிலத்தடி நீரில் கசியும் கரைசல் மூன்றும்தான் அண்டை வீட்டாரின் பாடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு இசைவு வழங்கியிருந்தால் அதில் நிபந்தனைகள் இருக்கும். அந்த இசைவின் நகலைப் பெறலாம். நாற்றம் வந்த நாள், நேரம், காற்றின் திசை என்று ஒரு நோட்டில் குறித்து, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டோடு புகார் கொடுத்தால் அதைத் தள்ளிவிடுவது கடினம். வாரியம் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு என்று அதற்குக் கெடு உண்டு. ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டுக் கெடு தாண்டிப் போகிறவர்கள் முதல் வாசலை இழந்துவிடக்கூடும்.

இனி ஆபத்து. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். குழாய் மூட்டில் கசிவு பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சோப்பு நுரையைத் தடவினால் போதும். கசிகிற இடத்தில் சின்னக் குமிழ் ஒன்று ஊதி, உடைந்து, மறுபடி ஊதும். வாயுவைப் பழைய சமையல் சிலிண்டரில் நிரப்பிக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு. மீத்தேன் சாதாரண வெப்பத்தில் திரவமாவதே இல்லை. அழுத்திச் சேமிக்க இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் தனி உருளையும் உரிமமும் வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் அதைச் செய்தால் அது வெடிகுண்டு.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்ப வாடை இல்ல, இறங்கலாம்’ என்று சொல்கிற அந்தக் கணம்தான் சாவின் கணம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கலனைக் காலி செய்து மூடியைத் திறந்துவைத்த பிறகும் அடியில் தேங்கி நிற்கும். அடிச்சேறு வாரத் தினக்கூலிக்கு ஆள் கூப்பிடுகிற ஒவ்வொரு முதலாளிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வாயு தேங்கும் தொட்டிக்குள் தகுதியான ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது சுவாசக் கருவியும் இடுப்புவாரும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 36ஆவது பிரிவில் வகுத்தது. மாட்டேன் என்று சொல்வது அந்தத் தொழிலாளியின் உரிமை. வேலையில் சாவோ காயமோ நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே இருக்கிற சட்ட உரிமை. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. கையில் இரண்டு லட்சத்தைத் திணித்துக் கையெழுத்து வாங்க வருகிறவரிடம் குடும்பம் உடனே ஒப்புக்கொள்ளாமல், முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் கைக்கு வந்தபின் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

இப்படிப்பட்ட விபத்துகளில் ஒருவர் தனியாகச் சாவது அரிது. அண்ணன் விழுந்தான் என்று தம்பி இறங்குவான், இருவரையும் தூக்க அப்பா இறங்குவார். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் வெளியே நிற்பவர் செய்ய வேண்டியது மனசு கேட்காத காரியம்: இறங்காமல் நிற்பது. 101க்கும் 108க்கும் போன் போட்டு, எல்லா மூடிகளையும் திறந்து, பீடி சிகரெட்டை அணைக்கச் சொல்லி, தள்ளி வைத்த ஊதுவிசிறியின் காற்றைக் குழாய் வழியே அடிவரை செலுத்தி, இடுப்பில் முன்பே கயிறு கட்டியிருந்தால் அதைப் பிடித்து மேலிருந்தே இழுக்க வேண்டும். தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் அந்தக் கலனை அடையும், அதற்கு வழி இருக்கிறதா என்பதைக் கலன் கட்டுவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.