மவுஸில் வரையும் கமகம்

கணினியில் இசையமைக்கும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றின் நடுவில் கட்டம் போட்ட ஒரு தாள் இருக்கும். அதற்குப் பியானோ ரோல் என்று பெயர். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாகச் சுருதி ஏறும். மவுஸால் ஒரு கட்டத்தில் கோடு இழுத்தால் அந்தச் சுரம் அத்தனை நேரம் ஒலிக்கும். வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் வாத்தியமே இருக்க வேண்டியதில்லை. புதுச்சேரி உப்பளத்தில் பழைய மடிக்கணினியும் ஹெட்போனும் மட்டும் வைத்திருப்பவருக்கும், கோடம்பாக்கத்தில் சொந்த ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கும் இந்தத் தாள் பொது.

அந்தத் தாள் எந்த இசையை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பதில்தான் சிக்கல். ஒரு ஸ்தாயிக்குச் சரிசமமான 12 கட்டங்கள். இது பியானோவின் கணக்கு. இதற்கு அடியில் இருப்பது 1983இல் வந்த மிடி என்ற பொது விதி. வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றின் கட்டளையை இன்னொன்று புரிந்துகொள்வதற்காக உருவான அந்த விதி, சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் கொடுத்தது. 60 என்றால் ஒரு கட்டை சட்ஜம், 61 அடுத்த சுரத்தானம். இரண்டுக்கும் நடுவே எண் கிடையாது.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை இந்தக் கட்டங்களில் எழுதினால் ஒருவாறு கேட்கலாம். தோடியை எழுதினால் தோடியாக இராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறி இறங்கி அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உருவம். கட்டத்தில் போட்ட நேர்க்கோடு அந்த அசைவைத் துடைத்துவிடுகிறது. சென்ட் என்ற சுருதி அளவையில் சுத்தமான அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்க, பியானோ கணக்கு அதை 400இல் வைக்கிறது என்ற குறையும் உண்டு. இந்த 14 சென்ட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் தமிழ்க் காதுக்கு முதலில் உறுத்துவது கமகம் என்னும் அந்த அசைவு இல்லாத மொட்டைச் சுரம்தான். ஆகவே ராக மெட்டு அமைக்க விரும்புகிறவர், மென்பொருளில் எத்தனை ஆயிரம் ஒலிகள் உள்ளன என்று எண்ணுவதற்கு முன், சுரத்தை வளைக்க அது எவ்வளவு இடம் தருகிறது என்று பார்ப்பது நல்லது.

மிடியிலேயே பிட்ச் பெண்ட் என்ற கட்டளை உண்டு. அதில் 16,384 படிகள் இருப்பதால் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. குறை வேறு இடத்தில். வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு சுரத்தானத் தூரம்தான் போகும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் நீண்ட ஜாருவுக்கு அந்த எல்லையை அமைப்பில் கூட்டிக்கொள்ள வேண்டும். தவிர, ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது சேர்த்தே இழுக்கும். மேலே மெட்டு அசையும்போது கீழே பிடித்திருக்கும் சட்ஜமும் அசைந்தால் கேட்கச் சகிக்காது. 2018இல் வெளிவந்த எம்பிஇ என்ற விரிவு, ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து இதைத் தீர்த்தது. ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து இதற்கு இடம் கொடுக்கிறது. பணம் தடையாக இல்லாதவர்களும் கீபோர்டின் இந்தக் குறைக்கு மாற்று தேடியதுண்டு. ஏ.ஆர்.ரகுமான் 2009இல் வந்த டெல்லி-6 படத்தின் பாட்டு ஒன்றில், கட்டைகளே இல்லாமல் விரலை வழுக்கி வாசிக்கும் கண்டினியம் என்ற கருவியைப் பயன்படுத்தினார்.

வாத்தியம் இல்லாதவருக்கு ஏற்றது வளைவை நேராக வரைந்துவிடும் வழி. இதற்கு முன்னோடி பிரான்சில் பிறந்தது. இசையமைப்பாளர் இயானிஸ் செனாகிஸ் 1977இல் பாரிசில் உருவாக்கிய யூபிக், பலகையில் பேனாவால் வரைந்த கோடுகளை ஒலியாக மாற்றியது. இன்று இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் மென்பொருளின் பியானோ ரோலில், ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதற்கே உரிய சுருதி வளைவை மவுஸால் வரையலாம். எஃப்எல் ஸ்டூடியோவிலும் வழுக்குச் சுரம் உண்டு. ஆனால் அது அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்த ஒலிக்கருவிகளில் மட்டுமே வேலை செய்யும்.

எந்த வளைவை வரைவது என்று காதால் மட்டும் பிடிப்பது கடினம். சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் தகுந்த பிளக்-இன் சேர்த்து, பக்கவாத்தியம் இல்லாத குரல் பதிவைக் கொடுத்தால் சுருதி ஏறி இறங்கும் பாதையைக் கோடாகக் காட்டும். அதைப் பார்த்து எழுதலாம். கோட்டுக்குப் பின்னால் உள்ள இலக்கணத்தைக் கற்க ஆள் வேண்டும். உப்பளத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பத்தில் இசை கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது.

அடுத்தது ஒலி. சாம்பிள் என்பது உண்மை வாத்தியத்தின் பதிவு. நிலைத்து நிற்கும் சுரத்தில் அது அசலாகவே இருக்கும். தூரமாக இழுத்தால் பதிவு முழுவதும் வேகம் கூடிக் குறைந்து வாத்தியத்தின் குணம் கெடும். கணக்கால் ஒலியை உண்டாக்கும் முறைகளில் இந்தத் தொல்லை குறைவு. 1983இல் கார்ப்பிளஸ், ஸ்டிராங் என்ற இருவர் வெளியிட்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சில நூறு எண்களை வரிசையாக வைத்து இரைச்சலால் நிரப்ப வேண்டும். வரிசையைச் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த எண்களின் சராசரியை எடுத்துக்கொண்டே போனால் மீட்டிய தந்தி போல ஒலித்து மெல்ல அடங்கும். நொடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில் வரிசை சுமார் 200 எண்கள் நீளம் இருந்தால் சுருதி 220 ஹெர்ட்ஸ். நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். வீணையில் தந்தியை இழுக்கும் இடத்தில் இங்கே ஓர் எண் மாறுகிறது. எல்எம்எம்எஸ்ஸில் வைப்டு என்ற பெயரில் தந்தியின் அதிர்வைக் கணக்கிடும் கருவி ஒன்று கூடவே வருகிறது.

தாளத்துக்குச் சாம்பிளே போதும். மிருதங்கச் சொற்கள் பெரும்பாலும் தட்டியவுடன் அடங்குபவை. சென்னை ஐஐடி தொடர்புடைய ஆய்வுக்காகத் தொகுக்கப்பட்ட மிருதங்கச் சொல் தொகுப்பில் 10 வகைச் சொற்களின் 7,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மிஸ்ர சாபு வேண்டுமானால் நாலு நாலாகப் போகும் கட்டத்தை ஏழாக மாற்றிவிட வேண்டும். ஓரளவு தேறிய மென்பொருள்கள் எல்லாமே இதற்கு இடம் தருகின்றன.

விலை கடைசியில் பார்க்க வேண்டியது. கராஜ்பேண்ட் இலவசம், ஆனால் ஆப்பிள் கருவி வேண்டும். ரீப்பர் மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, காசு கொடுத்து வாங்கும்வரை திரும்பத் திறக்க முடியாது. பலர் இதை வேலை முடிந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். பிரவுசரிலேயே இயங்கும் பேண்ட்லேப், கணினி வலுவற்றதாக இருந்தால் கைகொடுக்கும்.

எல்எம்எம்எஸ்ஸின் 1.2 பதிப்பில் மைக்கில் பாடிப் பதிய வழியில்லை. குரலை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து கொண்டுவந்து சேர்க்கலாம், அல்லது இசையைத் தடம் தடமாக வேவ் கோப்பாக எடுத்துக் குரலோடு ரீப்பரில் கலக்கலாம். ஸ்டீரியோ கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். தடங்கள் தனித்தனியே கையில் இருந்தால், பின்னால் மென்பொருளை மாற்றினாலும் பாட்டைத் திரும்ப எழுத வேண்டியிராது.