தூரத்துக்கு ஏது கழித்தல் குறி?

ஓர் எண்ணின் தனி மதிப்பு என்றதும், "கழித்தல் குறியை எடுத்துவிடு, அவ்வளவுதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். −7 என்றால் 7; மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் எண் இருந்த இடத்தில் ‘அ’ என்ற எழுத்து வந்ததும் இந்தக் குறுக்குவழி காலை வாரிவிடுகிறது. எடுப்பதற்குக் குறியே இல்லையே என்று |அ| = அ என எழுதிவிட முடியாது. அ என்பது −7 ஆக இருந்தால் விடை −அ, அதாவது 7. இங்கே குழம்பும் மாணவர்மேல் குற்றமில்லை. தனி மதிப்பு என்பது எண்கோட்டில் பூஜ்ஜியத்திலிருந்து உள்ள தூரம் என்பதை நாம்தான் முதலில் சொல்லவில்லை.

தூரம் என்று புரிந்துவிட்டால் |அ − 3| = 5 மிரட்டாது. 3-இலிருந்து 5 அலகு தள்ளி நிற்பவை எவை? வலப்பக்கம் 8, இடப்பக்கம் −2. குறியை மட்டும் அழிக்கப் பழகியவர் 8-உடன் நின்றுவிடுவார். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதாதா, இந்த இரண்டு கோடுகள் எதற்கு என்று கேட்கலாம். எது பெரியது என்று தெரியாத இடத்துக்குத்தான் அவை. ஒரு கிலோ பொட்டலம் கட்டும் இயந்திரம், ஒன்றில் 20 கிராம் கூட்டியும் அடுத்ததில் 20 கிராம் குறைத்தும் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிழைகளை அப்படியே கூட்டினால் பூஜ்ஜியம்; பழுதே இல்லை என்றாகிவிடும். தனி மதிப்புகளின் சராசரி எடுத்தால்தான் 20 கிராம் பிழை வெளியே வரும். ஜெர்மானியக் கணிதமேதை கார்ல் வையர்ஸ்ட்ராஸ் 1841-இல் கையாண்ட கோடுகள் இவை. ஆசிரியர்களே, அவற்றைக் கரும்பலகையில் எழுதுமுன் தயவுசெய்து ஓர் எண்கோட்டை வரையுங்கள்.