தானியக் குதிரில் ஆள் சிக்கினால்... போனை யார் எடுப்பது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும்தான் பிரதான வெள்ளாமை. அறுவடையை ராட்சத இரும்புக் குதிர்களில் கொட்டி வைப்பார்கள். அடியில் திறந்து தானியம் இறங்கும்போது உள்ளே நிற்பவர், சில விநாடிகளில் இடுப்பளவு புதைந்துவிடுவார். 2010 ஜூலையில் மவுன்ட் கேரல் என்ற சிற்றூரில் இப்படிச் சிக்கி இரண்டு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஆபத்துக்கு அங்கே அழைக்கும் எண் 911. நம் ஊர் 108, 112 போல. ஆனால், போனை எடுப்பது மாநிலத் தலைநகரம் அல்ல. மாநிலத்தில் 102 கவுன்டிகள். அதாவது, நம் மாவட்டம் மாதிரி. கவுன்டிக்கு ஒரு வாரியம், சில இடங்களில் நகரத்துக்கும் தனி வாரியம், தனி மையம். போன் பில்லோடு வசூலாகும் கட்டணத்தில் இருந்து இவற்றுக்குப் பணம் வருகிறது. சின்னச் சின்ன மையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கருவி வாங்கினால் கட்டுப்படியாகுமா?

2015-ல் சட்டம் வந்தது. இரண்டரை லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள கவுன்டியில் பல வாரியங்கள் இருந்தால், அவை ஒரே வாரியமாக வேண்டும். மையங்களைப் பாதியாகவோ, இரண்டாகவோ குறைக்க வேண்டும். 2017 ஜூலை 1 கெடு. முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம்.

இணைப்பில் விவசாயிக்கு லாபம் உண்டு. எல்லையோர வயலில் இருந்து செல்போனில் அழைத்தால், பக்கத்து கவுன்டி டவர் அந்த அழைப்பை இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து மறுபடி மாற்றிவிடுவதற்குள் நிமிடங்கள் கரையும். இரண்டுக்கும் ஒரே மையம் என்றால் இந்த அலைச்சல் இல்லை.

பயமும் நியாயமானதே. வயலுக்கு ஏது கதவு எண்? ‘பழைய பள்ளிக்கூடத்துக்கு வடக்கே, ரெண்டாவது குதிர்’ என்றால் உள்ளூர்க்காரருக்குப் புரியும். ஐம்பது மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. எனவே, பழைய அறையைப் பூட்டும் முன்பே வண்டிப் பாதை, குதிர், பாலம் எல்லாம் புதிய மையத்தின் வரைபடத்தில் ஏறியாக வேண்டும். தன்னார்வத் தீயணைப்புப் படையின் ரேடியோ, புதிய மையத்தோடு பேசுகிறதா என்று வயலில் நின்றே சோதிக்க வேண்டும்.

வாரியத்தில் யாருக்கு எத்தனை இடம் என்ற இழுபறி தனி. அதைவிட, பலரும் கணக்கில் விடுவது ஒன்று உண்டு. சிறிய கவுன்டிகளில் இரவில் போன் எடுப்பவரே சிறை அறையையும் கவனித்துக்கொள்வார். மையம் இடம் மாறினால் அந்த வேலைக்குத் தனி ஆள் போட வேண்டும். மிச்சம் என்று எழுதிய பணத்தில் ஒரு பங்கு அந்தச் சம்பளத்துக்கே போய்விடும்.