தீச்சுவர்க் கருவியின் உட்சேமிப்பகத்தை மாற்றுதல்

தீச்சுவர்க் கருவி (ஃபயர்வால்) என்பது ஒரு நிறுவனத்தின் உள்வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடையே நின்று, உள்ளே வரும் தரவையும் வெளியே செல்லும் தரவையும் விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் சிறு கணினி ஆகும். இதன் இயங்குதளம், விதிகள், பதிவுகள் ஆகியன உட்சேமிப்பகத்தில் இருக்கும். பல கருவிகளில் இச்சேமிப்பகம் இ.எம்.எம்.சி. எனப்படும் சில்லாக, தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இது பழுதானால் கணினியின் வன்தட்டைப் போல எளிதாகக் கழற்றி மாற்ற இயலாது.

தேய்மானத்தின் காரணம்

இ.எம்.எம்.சி. சில்லின் உள்ளே இருப்பது நாண்ட் வகை ஃபிளாஷ் நினைவகம். தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்காவும் அவரது குழுவினரும் இதனை 1987இல் அறிமுகப்படுத்தினர். இதன் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் அழித்து எழுத முடியும். படிப்பதால் தேய்மானம் மிகக் குறைவு. எழுதுவதே ஆயுளைக் குறைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 16 கிகாபைட்டுச் சில்லு ஒன்றை 3,000 முறை அழித்து எழுதலாம் எனக் கொண்டால், மொத்தம் 48,000 கிகாபைட்டு எழுதலாம். நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோபைட்டு வீதம் பதிவுகள் எழுதப்பட்டால் நாளொன்றுக்கு 20 கிகாபைட்டு ஆகும். அவ்வாறாயின் 2,400 நாட்கள், அதாவது ஆறரை ஆண்டுகள் வரும். ஆனால் சிறு மாற்றத்துக்கும் பெரிய பகுதியை அழித்து எழுத நேர்வதால், உண்மையில் எழுதப்படும் அளவு பல மடங்காகலாம். மூன்று மடங்கானால் ஆயுள் 800 நாட்களாகச் சுருங்கும்.

பிஎஃப்சென்ஸ் என்னும் கட்டற்ற தீச்சுவர் மென்பொருளில் முன்பு நானோபிஎஸ்டி என்ற பதிப்பு இருந்தது. அது நினைவக அட்டையைப் படிக்க மட்டும் திறந்து, பதிவுகளை ராம் நினைவகத்தில் வைத்தது. 2017இல் வெளியான 2.4 பதிப்புடன் அது கைவிடப்பட்டது.

இச்சிக்கல் தீச்சுவர்களுக்கு மட்டும் உரியதன்று. டெசுலா மகிழுந்துகளின் திரைக் கணினியில் இருந்த 8 கிகாபைட்டு இ.எம்.எம்.சி. தேய்ந்து, பின்புறக் காட்சி தெரியாமல் போனதால், 2021இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

அறிகுறிகள்

இயங்கிக்கொண்டிருக்கும் கருவி, சேமிப்பகம் பழுதான பின்னரும் ராம் நினைவகத்தைக் கொண்டு சில காலம் வேலை செய்யக்கூடும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் போன்ற ஊர்களின் சிறு நிறுவனங்களில், பராமரிப்பு மின்தடை முடிந்து கருவி மீண்டும் தொடங்கும்போதுதான் பழுது வெளிப்படும். அமைப்பு மாற்றங்கள் சேமிக்கப்படாமை, கோப்பு முறைமைப் பிழைகள், பதிவுகள் திடீரென நின்றுபோதல் ஆகியன முன்னறிகுறிகள்.

இ.எம்.எம்.சி. 5.0 தரமும் அதற்குப் பிந்தையவையும் தம் ஆயுள் மதிப்பீட்டைத் தாமே தெரிவிக்கும். மதிப்பு 1 எனில் 10 விழுக்காடு வரை தேய்ந்துள்ளது. 10 எனில் 90 முதல் 100 விழுக்காடு. 11 எனில் மதிப்பிட்ட ஆயுள் கடந்துவிட்டது. இதனை ஆண்டுக்கு இருமுறையேனும் பார்த்துக் குறித்துவைப்பது நல்லது.

மாற்றும் முறை

சில்லையே வெப்பக்காற்றால் எடுத்துப் புதிதைப் பற்றவைப்பது தேர்ந்த பழுதுபார்ப்பவரால் மட்டுமே இயலும். கருவியில் எம்.2 செருகுவாய் இருந்தால், அதில் எஸ்.எஸ்.டி. பொருத்துவது எளிய வழி. சில செருகுவாய்கள் சாட்டா வகையையும் சில என்.வி.எம்.இ. வகையையும் மட்டுமே ஏற்கும். வாங்குமுன் கையேட்டைப் பார்க்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் கருவியைத் திறக்கும் முன் தயாரிப்பாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. அமைப்புக் கோப்பை வேறொரு கணினியில் நகலெடுத்து வைத்தல்.
2. அந்த மாதிரிக்கு உரிய நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் எழுதுதல்.
3. மின் இணைப்பைத் துண்டித்து, உடலின் நிலைமின்னை வெளியேற்றிய பின் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துதல்.
4. கன்சோல் கேபிள் வழியே கணினியை இணைத்து, பென் டிரைவிலிருந்து தொடங்கி, புதிய வட்டைத் தேர்ந்து நிறுவுதல்.
5. பழைய சில்லிலிருந்து தொடங்காதபடி தொடக்க வரிசையை மாற்றுதல்.
6. அமைப்புக் கோப்பை மீட்டு, விதிகளைச் சோதித்தல்.

முதல் படியே முக்கியமானது. நகல் இல்லையெனில் விதிகளை ஒவ்வொன்றாக மீண்டும் எழுத வேண்டும். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் வலையமைப்பில் வழி திறந்து கிடக்கக்கூடும்.

பதிவுகளும் சட்டமும்

செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை கால நீட்டிப்பு தரப்பட்டது. ஆகவே தேய்மானத்துக்கு அஞ்சிப் பதிவுகளை நிறுத்துவது சரியன்று. ராம் நினைவகத்தில் மட்டும் வைத்தாலும் மின்தடையில் அழியும். பதிவுகளை உடனுக்குடன் தனிக் கணினிக்கு அனுப்புவதே இரண்டுக்கும் தீர்வு.

பழைய சில்லை அப்புறப்படுத்துதல்

பழுதான சில்லில் கடவுச்சொற்களும் வி.பி.என். திறவுகளும் எஞ்சியிருக்கும், எழுத இயலாத சில்லை அழிக்கவும் இயலாது. எனவே சேமிப்பகம் மாற்றிய பின் அவை அனைத்தையும் புதிதாக்க வேண்டும். பலகையைக் கழிக்கும்போது சில்லை உடைத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.