வறியவரின் வழக்கறிஞர்க்கு ஊதியம் எவ்வாறு கணிக்கப்படுகிறது?

குற்ற வழக்கில் சிக்கிய வறியவர்க்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது என்பதைப் பலரும் அறிவர். அவ்வழக்கறிஞர்க்கு எக்கணக்கில் ஊதியம் வழங்கப்படுகிறது என்பதை அறிந்தோர் சிலரே.

1979இல் பீகார் சிறைவாசிகள் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், இலவசச் சட்ட உதவி அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழங்கும் உரிமையுள் அடங்குவது என உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், காவலில் உள்ளவர்க்கு வருமானம் வினவாமலே அவ்வுதவியை அளிக்கிறது.

ஆணைக்குழுவின் பட்டியலில் இடம்பெற்ற வழக்கறிஞர்க்கு, மாநில ஆணைக்குழு வகுத்த கட்டண அட்டவணைப்படியே ஊதியம். நீதிமன்றத்தின் படிநிலைக்கேற்பத் தொகை மாறும். பல அட்டவணைகளில் மனு வரைவதற்கு ஒரு தொகையும் வாய்தாவிற்கு ஒரு தொகையும் உண்டு. சாட்சி விசாரணையோ வாதமோ நடந்த வாய்தாவிற்குக் கூடுதல். வெறுமனே ஒத்திவைக்கப்பட்டதற்குக் குறைவு. வழக்கொன்றுக்கு உச்சவரம்பும் விதிப்பர். அதனைத் தொட்ட பின்னர் எத்தனை வாய்தா நின்றாலும் ஊதியம் ஏறாது. கட்சிக்காரரிடம் காசு பெறுதலும் கூடாது.

வக்கீல், வாய்தா இரண்டும் அரபு வழி வந்த சொற்கள். பிறர்பொருட்டுப் பொறுப்பேற்பவர் என்பது முன்னதன் பொருள். வாக்குறுதி என்பது பின்னதன் வேர்ப்பொருள். அட்டவணையோ நின்ற நாளை எண்ணுகிறது. குற்றப்பத்திரிகையைப் பயின்ற இரவுகளும், சிறைக்குச் சென்று எதிரியைக் கண்ட நேரமும் அதில் எளிதில் இடம்பெறுவதில்லை. வழக்கின் வெற்றி தோல்வி பெரிதும் அங்கேதான் முடிவாகிறது.

மத்தியப் பிரதேச வழக்கொன்றில், 2013 பிப்ரவரியில் சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. இரு வாரத்திற்குள் மரண தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, மறு விசாரணைக்கு ஆணையிட்டது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ இடமுள்ள வழக்குகளில் பத்தாண்டு அனுபவமுடையவரையே அமர்த்த வேண்டும், ஆயத்தத்திற்கு ஏழு நாளேனும் தருதல் பொதுவாகப் போதுமானதாகக் கருதப்படலாம் என்றும் வகுத்தது. அந்த ஏழு நாளுக்கு ஊதியம் எவ்வளவு என்பது அட்டவணை வகுப்போர் கைகளில் உள்ளது.

2022இல் தேசிய ஆணைக்குழு வகுத்த திட்டம், மாவட்டங்களில் முழுநேர எதிர்வாத வழக்கறிஞர்களை மாத ஊதியத்தில் அமர்த்துகிறது. தனித்தொழில் அவர்கட்கு விலக்கு. இதனை நன்முயற்சி என்றே கொள்ளலாம். பயிலும் இரவுக்கும் இங்கு ஊதியம் உண்டு. எனினும் ஒரே வழக்கின் இரு எதிரிகள் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினால், ஓர் அலுவலகமே இருவர்க்கும் வாதாடல் இயலாது. அங்கே பட்டியல் வழக்கறிஞர் வருவார். வாய்தாக் கணக்கும் உடன் வரும்.