இழுப்பது எளிது, பிடிப்பதுதான் பாடு

போர்டிக்சனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலமாகிறது. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலையைச் சேர வேண்டும். தாமதித்தால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் சுவா பெத்தோங், சிலியாவ் வட்டாரத்தில் குலை ஏற்றிய டிராக்டரைச் சாலையில் சந்திப்பது அன்றாடக் காட்சி. அதன் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஹார்ன் அடித்து அதை முந்திச் செல்லும் செடான் காருக்கு 150 குதிரைத்திறன் இருக்கும். இருந்தும் தன்னைவிடக் கனமான டிரெய்லரை டிராக்டர் சலிக்காமல் இழுக்கிறது. அந்தக் காரின் பின்னால் ஒன்றரை டன் கேரவனைப் பூட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், காரைத் தயாரித்த நிறுவனமே தயங்கும்.

கேரவன் என்பது சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பக் காரே அதை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிறது. நம் சாலைகளில் கேரவன் அரிது. ஆனால் தெலுக் கெமாங் கடற்கரைக்குப் படகையோ ஜெட் ஸ்கீயையோ டிரெய்லரில் கட்டி இழுத்து வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் இழுப்பை எடுத்துக்கொள்வோம். காரும் கேரவனும் ஒன்றரை டன் வீதம் சேர்ந்து மூன்று டன். நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏறும் மேடு ஒன்றில் அவை சறுக்காமல் நிற்கவே ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அதே விசையோடு மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏற 17 குதிரைத்திறன் போதும். 60 கிலோமீட்டரில் ஏறினால் 67. தொண்ணூறில் 100. மேடு அதேதான், பாரமும் அதேதான். அவசரத்துக்குத்தான் இவ்வளவு விலை. டிராக்டரின் ரகசியமும் இதுவே. அது மெதுவாகப் போகிறது.

இதில் காற்று இன்னும் சேரவில்லை. கேரவனின் முகப்பு 2.3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் என்றால் ஆறு சதுர மீட்டர் சுவர். காரின் முகப்பு இரண்டு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்வதால் 60லிருந்து 90க்குப் போனால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறனோ மூன்று மடங்கைத் தாண்டிவிடும். மலையே இல்லாத சமவெளிச் சாலையிலும் பெட்ரோல் முள் சரசரவென்று இறங்குவது இதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் இழுப்பது பெரிய பிரச்சினை இல்லை. இன்றைய எஞ்சின்களுக்கு அது முடியும். ஐரோப்பிய விதி ஒன்று சுவையானது. ஒரு கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அறிவிக்க வேண்டுமானால், அந்த முழுப் பாரத்தோடு 12 விழுக்காடு சரிவில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை மேல்நோக்கிப் புறப்பட்டுக் காட்ட வேண்டும். சோதிக்கப்படுவது வேகமல்ல, கிளட்ச் கருகாமல் தாங்குகிறதா என்பதுதான்.

உண்மையான சாமர்த்தியம் பூட்டுகிற இடத்தில் தொடங்குகிறது. காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகு உருண்டை, எலுமிச்சம்பழ அளவு. கேரவனின் மூக்கு அதன் மேல் கவிந்து பூட்டிக்கொள்ளும். மூக்கு உருண்டையை எவ்வளவு அழுத்துகிறதோ அது ‘முனைப்பாரம்’. இதை மாட்டு வண்டிக்காரர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. லோரி வருமுன் தோட்டத்துச் சாமான்களைச் சுமந்த வண்டிகளிலும் ஏற்றிய மூட்டை முன்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகி மாட்டுக்கு மூச்சு முட்டும். வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தே மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளுவார். ஐரோப்பியக் கேரவன்காரர்களுக்கு இதற்கென்றே தனியாகத் தராசு விற்கிறார்கள். கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு முனைப்பாரமாக இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றரை டன்னுக்கு 75 முதல் 105 கிலோ.

உருண்டையில் அழுத்தும் 90 கிலோ, காருக்குள் வெறும் 90 கிலோவாக இருப்பதில்லை. உருண்டை பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது, முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.7 மீட்டர் என்று கொள்வோம். பின் அச்சை ஆதாரமாகக் கொண்டு கார் ஒரு நெம்புகோலாகிவிடும். பின் அச்சில் 127 கிலோ ஏறும். முன் சக்கரங்களிலிருந்து 37 கிலோ குறையும். முன் சக்கரங்கள்தாம் காரைத் திருப்புகின்றன. இன்றைய பெரும்பாலான கார்களில் இழுப்பவையும் அவையே. ஆக, பிடிமானம் மிகவும் வேண்டிய இடத்தில் பிடிமானம் தளர்கிறது. பின் சக்கரங்கள் ஓட்டும் காரில் இதே பாரம் வரமாக மாறும். டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கைத் தன் பெரிய பின் சக்கரங்களில் வாங்கிக்கொள்ளும் டிராக்டரும் அந்த வரத்தில்தான் ஓடுகிறது. செடான் காரின் அழகே அதன் நீண்ட பின்பெட்டி. ஆனால் பெட்டி நீள நீள உருண்டை பின் அச்சைவிட்டு விலகும், நெம்பும் வலிமை கூடும். கேரவன் இழுக்க செடான் தேடுகிறவர் எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன் ஓர் அளவு நாடாவோடு காரின் பின்பக்கம் போவது நல்லது.

இனி, எல்லாரும் அஞ்சும் ஆட்டம். நெடுஞ்சாலையில் பெரிய லோரி ஒன்று கேரவனை முந்துகிறது. அதன் முன்னே தள்ளிவரும் காற்று கேரவனின் பின்பகுதியை முதலில் ஓரமாய் ஒதுக்கும்; லோரி கடக்கும்போது உள்ளே இழுக்கும். கேரவன் இடவலமாக ஆடத் தொடங்கும், ஒன்றிரண்டு விநாடிக்கு ஓர் ஆட்டம். அதைப் ‘பாம்பாட்டம்’ என்று சொல்லலாம். குறைந்த வேகத்தில் டயர்களே ஆட்டத்தை அடக்கிவிடும். வேகம் கூடக்கூட அடக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சுழியமாகும். அதுதான் ‘மாறுநிலை வேகம்’. அதற்குமேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். விபரீதம் என்னவென்றால், அந்த எல்லையைக் கடந்ததை எந்த முள்ளும் காட்டாது. லோரி ஒன்று உரசிப் போகும்வரை வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

எல்லையை எது தீர்மானிக்கிறது? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். பாரத்தின் அளவைவிட அது எங்கே கிடக்கிறது என்பதும், முனைப்பாரமும், அச்சு அமைந்த இடமும் முக்கியம் என்று தெரிந்தது. இயற்பியலில் இதன் பெயர் நிலைமத் திருப்புத்திறன்: ஒரு பொருளைச் சுழலவைக்கவோ சுழல்வதை நிறுத்தவோ முயன்றால் அது எவ்வளவு முரண்டுபிடிக்கும் என்பதன் அளவு. அது தூரத்தின் இருமடியாக வளரும். அச்சிலிருந்து ஒரு மீட்டரில் வைத்த கேஸ் தோம்பை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் எடை மாறாது, முரண்டு ஒன்பது மடங்காகும். ஆகவே அரிசி மூட்டை, தண்ணீர், கூடாரம் எல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக.

ஆட்டம் தொடங்கிவிட்டால் கை தானாக ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பும். கூடாது. கண் பார்த்து, கை திருப்பி, கார் அசைவதற்குள் கேரவன் மறுபக்கம் போயிருக்கும். நம் திருத்தம் ஆட்டத்துக்கே துணைபோகும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுப்பதே வழி. இப்போது சில கேரவன்களில் பக்கவாட்டு அசைவை உணரும் கருவி இருக்கிறது. ஓட்டுநர் திடுக்கிடும் முன்பே கேரவனின் பிரேக்கைத் தொட்டுவிடும்.

அந்தப் பிரேக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. காரிலிருந்து கேரவனுக்குப் பிரேக் குழாய் எதுவும் போவதில்லை. கார் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னே வந்து முட்டும். அந்த முட்டலிலேயே மூக்கிலுள்ள தண்டு உள்ளே சரியும். சரிந்த தண்டு ஒரு கம்பியை இழுக்கும். கம்பி கேரவனின் சக்கரங்களைப் பிடிக்கும். எவ்வளவு பலமாய் முட்டுகிறதோ அவ்வளவு பலமாய்ப் பிடிக்கும். ‘உந்துப் பிரேக்’ என்று பெயர் வைக்கலாம். அப்படியானால் பின்னோக்கி எடுக்கும்போதும் தண்டு சரிந்து சக்கரம் பூட்டிக்கொள்ளாதா? பழைய கேரவன்களில் ஒருவர் இறங்கி நெம்புகோலைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இன்றைய பிரேக்கில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றாலே உள்ளிருக்கும் கட்டை மடங்கி விலகிக்கொள்ளும். உருண்டையிலிருந்து கேரவன் கழன்றே போனால்? காரோடு கோத்த மெல்லிய எஃகு வடம் கேரவனின் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோகும். இத்தனையிலும் மின்சாரம் ஒரு துளி இல்லை. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

இருந்தாலும் கோல கிளாவாங் போகும் புக்கிட் தங்கா வளைவுகள் போன்ற மலைச்சாலையில் இதை மட்டும் நம்பக்கூடாது. மூன்று டன் 300 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 28 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்படி சிறிய கியரில் இறங்காவிட்டால் அத்தனையும் பிரேக்கில் போய் இறங்கும்.

ஆகக் கார் எது? பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு: பாரம் ஏற்றிய கேரவனின் எடை, காரின் வெறும் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருக்கட்டும். ஒன்றரை டன் கேரவனுக்கு ஏறத்தாழ 1,765 கிலோ கார் தேவை என்று ஆகிறது. ஒரு டன்னை ஒட்டிய நம் புரோட்டோன் சாகா அந்தப் பேச்சிலேயே இல்லை. பெரிய ஜெர்மன் செடான்கள் போன்றவைதாம் அங்கே எட்டும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கேரவன்காரர்களின் செல்லம், 1974 முதல் 1993 வரை வந்த வோல்வோ 240. தன் காலத்துக்குக் கனமான கட்டு, பின் சக்கர ஓட்டம். ஷா ஆலமில் 1967 முதலே வோல்வோ கார்கள் பூட்டப்பட்டு வருவதால் மலேசியர்களுக்கும் அது பழகிய முகம்.

விற்பனையாளர் குதிரைத்திறனைத்தான் சொல்வார். நாம் கையேட்டில் தேட வேண்டியது வேறு: பிரேக் உள்ள டிரெய்லருக்கு எத்தனை கிலோ, இல்லாததற்கு எத்தனை கிலோ, முனைப்பாரத்தின் உச்சம் எவ்வளவு. சில கார்களுக்கு எதையும் இழுக்கவே அனுமதி இருக்காது. பலரும் மறப்பது இன்னொன்று. முனைப்பாரமும் கார் சுமக்கும் பாரத்தில் சேர்த்திதான். 450 கிலோ தாங்கும் காரில் ஐந்து பெரியவர்கள் 350, பின்பெட்டியில் 60, முனைப்பாரம் 90 என்றால் கூட்டு 500. வழியில் வாங்கிய துரியான் கூடையை இன்னும் நாம் சேர்க்கவில்லை. அதைக் கேரவனில் போட்டால் கேரவனின் எடை கூடும். அச்சுக்கு முன்னே போட்டால் முனைப்பாரமும் கூடும். பின்னே போட்டால் பாம்பாட்டம். அச்சுக்கு நேர் மேலே, கட்டிலுக்கு அடியில், கதவை இறுகச் சாத்தி வைக்கலாம். இரவில் அங்கே படுக்கப்போவது யார் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.